மண்புழுவும் லாமார்க்கும்

புழு பூச்சி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். பட்டு நூல் தரும் ஜந்துவுக்குப் பட்டுப்புழு என்று பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் அது வளர்ந்து இறகு விரிக்கும் ஒரு பூச்சியின் இளம் பருவமேயாகும். குழந்தைகளின் குடலில் நெளியும் புழுவை வயிற்றுப்பூச்சி என்கிறோம். அதற்கு எக்காலத்திலும் இறகும் முளைப்பதில்லை, காலும் முளைப்பதில்லை. வயலின் மண்ணைத் தின்று வளமாக்கித் தரும் மண்புழுவையோ நாக்குப்பூச்சி என்று வழங்குவோரும் உண்டு. காலின் கீழ் மிதிபடும் அற்ப ஜந்துக்களுக்குள் வேற்றுமை ஆராய்வதால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மகா பண்டிதர்களும் ஏறக்குறைய இதே மனோபாவத்துடன்தான் இருந்தனர். அந்த அலட்சியத்தை நீக்கி, மண்புழு வேறு, பூச்சி வேறு என்று சாஸ்திர ரீதியாக நிலைநாட்டி, கண்ணொளி முற்றும் மறையும் வரையில் அப்பணியிலேயே உழைத்து, வறுமையில் மாண்ட ஒரு பெரியாரின் சரிதத்தை இன்று நமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். பிரெஞ்சு அறிஞர் ழான் பாப்டிஸ்ட் லாமார்க் என்பவரே அவர்.

லாமார்க் 1744-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி, பிரான்ஸ் தேசத்தின் வடபகுதியில் பிக்கார்டி மாகாணத்தைச் சேர்ந்த பாஸாந்தன் என்னும் கிராமத்தில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பதினோராவது குழந்தை. குடும்பம் பிரபு வம்சத்தைச் சேர்ந்தது; பட்டம் இருந்ததேயன்றிப் பணம் இல்லை. மூத்த புதல்வர்கள் ராணுவத்தில் சேர்வது குலவழக்கமாக இருந்தது. கடைசிப் பையனையாவது பாதிரியாக்கலாம் என்று தந்தையார் அவரை ஆமியென் நகரத்து ஜெஸ்யூட் கலாசாலைக்கு அனுப்பினார். தந்தை காலமானதும் பையன் கலாசாலையை விட்டான். ஒரு குதிரையை வாங்கிக்கொண்டு, ஜெர்மனியில் போர் புரிந்துகொண்டிருந்த பிரெஞ்சுச் சைன்யத்தை நாடிச் சென்றான்.

1761-ம் வருஷம் ஜூலை மாதம் வில்லிங்ஹௌஸன் என்னுமிடத்தில் நடந்த சண்டையில் அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவின்மீது பீரங்கிக் குண்டுகள் மாரியாகப் பொழிந்தன. அதிகாரிகள் அனைவரும் மாண்டனர்; எஞ்சியவர் பதினான்கு பேரே. பின்வாங்கலாம் என்று மற்றவர்கள் யோசனை கூறியபொழுது, பதினேழு வயதுகூட நிரம்பாத அவ்விளைஞர், இங்கே நிற்கும்படி நமக்கு உத்தரவு, மாற்று உத்தரவு வரும் வரையில் நகரமாட்டோம் என்று சொல்லி அங்கேயே நின்றார். இத்தீரத்தை மெச்சி அவரை அதிகாரியாக உயர்த்தினார்கள். பிற்காலத்தில் உலகமே எதிர்த்து நின்றபொழுதும் கொண்ட கொள்கையிலிருந்து அவர் இம்மியும் பெயராமல் நின்றதைக் கவனிப்போருக்கு இச்சிறு சம்பவம் வியப்பாகத் தோன்றாது.

சில வருஷங்களுக்குப்பின் தேக சுகம் கெட்டு ராணுவத்தை விட்டு விலகினார். கிடைத்த உபகாரச் சம்பளம் வயிற்றுக்கும் போதவில்லை. பாரிஸ் நகரத்தில் ஒரு பாங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தார், வைத்தியம் படித்தார், ஓய்ந்த வேளைகளில் செடி கொடிகளைத் தேடி அலைந்தார். 1778-ம் வருஷத் தேதியுடன் பிரான்ஸ் தேசத்துத் தாவரங்களைப்பற்றி அவர் எழுதிய நூல் மூன்று பாகங்களாக அரசாங்க அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அந்நாளில் தாவர சாஸ்திரம் லத்தீன் பாஷையின் சிறைக்குள் கிடந்தது. லாமார்க் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில் எழுதினார். கையிலிருக்கும் செடியில் இன்ன உறுப்பு உண்டா, இல்லையா என்று படிப்படியாகக் கேள்வி கேட்டு, லத்தீன் அறியாத சாமானியனும் செடியின் பெயரைத் தானே கண்டுகொள்ளும்படி ஒரு மார்க்கத்தையும் அதில் வகுத்திருந்தார். சாஸ்திரங்கள் தாய்மொழியில் வரவேண்டும் என்று வாதாடி வரும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். புகழ்பெற்ற இயற்கை நூலாசிரியர் பூஃபோன் அவருக்கு ஆதரவு அளித்தார். 1779-ல் விஞ்ஞான அகாடமியில் ஸ்தானம் கிடைத்தது. பின்னர் அரச பூந்தோட்டத்தில் உலர்ந்த செடிகளின் சேகரத்தைப் பாதுகாக்கும் ஒரு சிறு உத்தியோகமும் கிட்டியது.

1789-ல் மகா புரட்சி வெடித்தது. முடி சாய்ந்தது, குடியரசு எழுந்தது. அப்புரட்சி அறிஞர்கள் விஷயத்தில் எப்பொழுதும் நியாயமாக நடந்துகொண்டது என்று நாம் சொல்ல மாட்டோம். 1793-ல் விஞ்ஞான அகாடமியை மூடியதும், 1794-ல் ரசாயன மேதை லவாய்ஸியரின் சிரத்தைக் கொய்ததும் அதே புரட்சிதான். ஆயினும், 1793-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி அரசனது தோட்டத்தை ஜனங்களுடைய இயற்கைப் பொருட்காட்சி சாலையாக மாற்றி, பன்னிரண்டு பேராசிரியர் பதவிகளை அங்கே ஏற்படுத்திய பெருமையும் அதற்கே உரியது. பாலூட்டும் பிராணிகளையும் பறவைகளையும் பற்றிய பதவி 21 வயது வாலிபரான ழெஃப்ராய் ஸான்ட் இலேர் என்பவருக்குச் சென்றது. பூச்சிகள், புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகியவற்றைப் போதிக்கும் பதவி, கால் நூற்றாண்டாகச் செடிகளை ஆராய்ந்து வந்த, ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த லாமார்க்கின் தலையில் விழுந்தது. பிறர் விரும்பாத இலாகா அது. அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த வயதில் மீண்டும் மாணாக்கராகி, புதிய சாஸ்திரத்தை அடியிலிருந்து கற்கத் தொடங்கினார்.

அந்த இலாகா அன்று இருந்த நிலையைச் சற்று விளக்குவது அவசியம். ஸ்வீடன் தேசத்து மேதை லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் பிராணிகள் அனைத்தையும் ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார். பாலூட்டிகள், பறவைகள், நீர்நிலம் வாழ்வன, மீன்கள் என்னும் நான்கும் முதுகெலும்புள்ளவை. மிகுந்த கோடானுகோடி உயிர்களுக்கு அவர் ஒதுக்கியவை இரண்டே வகுப்புகள். பூச்சி என்ற வகுப்பில் வண்டும் ஈயும் மாத்திரமன்றி, சிலந்தியும் தேளும் நண்டும் பூரானும் இடம் பெற்றன. புழு என்ற வகுப்பிலோ மண்புழு, நத்தை, சிப்பி, நட்சத்திர மீன், பவளம் யாவும் ஒன்றாக அடைக்கப்பட்டன. முதல் நான்கு வகுப்புகளுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. ஆறாம் வகுப்போ, வேறெங்கும் இடமில்லாதவற்றைக் கொட்டி வைக்கும் குப்பைக்கூடையாக இருந்தது. லின்னேயஸின் மேதையை நாம் குறைத்துப் பேசவில்லை. மண்புழுவுக்கு அவர் இட்ட சாஸ்திரப் பெயரே இன்றும் வழங்குகிறது. ஆனால் மேலே இருப்பவற்றை நுணுகி நுணுகிப் பார்த்த அவருடைய கண், கீழே இருப்பவற்றை மொத்தமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

லாமார்க் அந்தக் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கலானார். இவ்வேலையில் அவர் தனியராக இருக்கவில்லை. அவரைவிட 25 வயது இளையவரான ஜார்ஜ் கூவியே 1795-லேயே அந்தப் பழைய வகுப்பை உடைக்கத் தொடங்கியிருந்தார். அறுவை செய்து உள்ளுறுப்புகளை ஆராய்வதில் கூவியேக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. புழுக்களில் ஒரு சாராருக்கு இரத்தம் சிவப்பாக இருப்பதையும், அது குழாய்களில் சுழன்று ஓடுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். முதுகெலும்பற்ற பிராணிகள் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் தொடரைப் படைத்தவர் லாமார்க். 1799-ல் நண்டினத்தையும், 1800-ல் சிலந்தியினத்தையும் பூச்சிகளிடமிருந்து பிரித்துத் தனி வகுப்புகளாக்கினார். 1802-ல், கூவியேயின் ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, மண்புழுவையும் அட்டையையும் கடற்புழுக்கள் பலவற்றையும் மற்றப் புழுக்களிடமிருந்து பிரித்து, வளையங்களாலான உடலையுடையவை என்னும் பொருளில் அனெலிடுகள் என்று பெயர் சூட்டினார். நம் பாடப்புத்தகங்கள் வளைதசைப்புழுக்கள் என்று கூறுவது இவ்வினத்தையே.

மண்புழுவுக்கும் பூச்சிக்கும் உள்ள வேற்றுமைதான் என்ன? பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக அமைந்தது. மார்பில் கணுக்களுடைய கால்கள் ஆறு. பெரும்பாலானவற்றுக்கு இறகுகளும் உண்டு. தலையில் உணர்கொம்புகளும் கண்களும் உள்ளன. உடலைச் சுற்றி விறைப்பான ஓடு போர்த்தியிருக்கிறது. வளர வேண்டுமானால் அந்தச் சட்டையை உரித்தே தீரவேண்டும். உடலின் பக்கங்களிலுள்ள சிறு துவாரங்களின் வழியாகக் காற்று புகுந்து, நுண்ணிய குழல்களின் மூலம் உள்ளெங்கும் பரவுகிறது. பூச்சியின் இரத்தம் குழாய்களில் அடங்கி ஓடுவதில்லை. உடலின் உட்குழியில் தேங்கி உறுப்புகளை நனைக்கிறது. முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறகுடன் வெளிவரும் உருமாற்றம் பூச்சிகள் பலவற்றுக்கு உரியது.

மண்புழுவிடம் இவற்றில் எதுவும் இல்லை. அதன் உடல் நூற்றுக்கு மேற்பட்ட வளையங்களால் ஆனது. காலுக்குப் பதில் வளையந்தோறும் நுண்ணிய முட்கள் உண்டு. அவற்றை மண்ணில் ஊன்றி, உடலை நீட்டியும் குறுக்கியும் நகர்கிறது. ஓடும் இல்லை, சட்டை உரிப்பதும் இல்லை. உடலுக்குள் நிறைந்த திரவமே அதற்கு எலும்பின் உறுதியைத் தருகிறது. கண் இல்லாவிடினும் தோலால் வெளிச்சத்தை உணர்கிறது. ஈரமான தோலின் வழியாகவே மூச்சு விடுகிறது. தோல் உலர்ந்தால் உயிர் போகும். அதன் சிவந்த இரத்தம் நம்முடையதைப் போலவே குழாய்களுக்குள் அடங்கிச் சுழல்கிறது. ஆண் தன்மையும் பெண் தன்மையும் ஒரே உடலில் அமைந்துள்ளன. முட்டைக்கூட்டிலிருந்து வெளிவருவது சிறிய மண்புழுவே, உருமாற்றம் கிடையாது. ஆகவே மண்புழுவைக் காலும் இறகும் பெறாத குறைப்பிறவிப் பூச்சி என்று கருதுவது பெரும் பிழை. அது தன் வழியில் முழுமை பெற்ற வேறோர் இனம். குடலில் வாழும் புழுக்களுடனும் அதற்கு நெருங்கிய உறவு கிடையாது.

இங்கேதான் லாமார்க்குக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. உயிர்களெல்லாம் மிக எளிய நிலையிலிருந்து மனிதன் வரையில் ஒரே ஏணியின் படிகளாக நிற்கின்றன என்பது அக்காலத்து நம்பிக்கை. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற புரட்சிகரமான கருத்தை 1800-ம் வருஷம் மே மாதம் மாணாக்கர் முன் வெளியிட்ட லாமார்க்கும் அந்த ஏணியை விடவில்லை. ஆனால் மண்புழுவை எந்தப் படியில் நிறுத்துவது? இரத்த ஓட்டத்தைப் பார்த்தால் பூச்சிக்கு மேலே வைக்கவேண்டும்; கண்ணையும் காலையும் பார்த்தால் கீழே இறக்கவேண்டும். எந்தப் படியிலும் அது பொருந்தி நிற்கவில்லை. 1809-ல் வெளிவந்த தம் பிரசித்தமான விலங்கியல் தத்துவ நூலில் பிராணிகளை ஒரே வரிசையாக விவரித்த அவர், அந்நூலின் கடைசியில் சேர்த்த அனுபந்தத்தில் வேறொரு படத்தை வரைந்தார். அதில் புழுக்களிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளையில் பூச்சி, சிலந்தி, நண்டு இனங்கள். மற்றொரு கிளையில் மண்புழு சேர்ந்த வளைதசைப்புழுக்களும், அவற்றுக்கு அடுத்து நத்தை சிப்பி முதலான மெல்லுடலிகளும். ஏணி மரமாக மாறியது. அறுபத்தைந்து வயதை எட்டிய ஒருவர், வாழ்நாள் முழுவதும் நம்பிய கொள்கையை ஓர் அற்பப் புழு காட்டிய சாட்சியத்துக்காக மாற்றிக்கொள்ள முன்வந்ததைவிடச் சத்தியத்திற்குச் செய்யும் மரியாதை வேறு என்ன இருக்கிறது?

அப்படத்தில் தவறுகள் இல்லாமல் இல்லை. மெல்லுடலிகளிலிருந்து மீன்கள் தோன்றியதாக அவர் காட்டியது பிழை. பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு இனத்தை மெல்லுடலிகளின் பக்கம் சேர்த்ததும் பிழை. அது நண்டின் உறவு. ஒரு தலைமுறை உழைத்துப் பெற்ற குணம் அடுத்த தலைமுறைக்குப் பரம்பரையாக இறங்கும் என்று அவர் கொண்ட கொள்கையையும் பிற்கால ஆராய்ச்சி ஏற்கவில்லை. ஒட்டைச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி வளர்த்துக்கொண்டது என்ற பரிகாசக் கதையோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். அவருடைய பிழைகளை மறைப்பது அவருக்குச் செய்யும் சேவையாகாது. ஆனால் பிழைகளை மாத்திரம் நினைவில் வைத்து, செய்த பணியை மறப்பது நன்றி கெட்ட செயலாகும்.

அந்த நன்றி கெட்ட செயலைத்தான் அவர் காலத்து உலகம் செய்தது. 1809-ல் சக்கரவர்த்தி நெப்போலியனிடம் லாமார்க் தம் நூலைச் சமர்ப்பித்தபொழுது, அது வானிலையைப்பற்றிய பஞ்சாங்கம் என்று எண்ணிய சக்கரவர்த்தி பலர் முன்னிலையில் கடிந்து பேச, முதியவர் கண்ணீர் விட்டார் என்று வானசாஸ்திரி ஆரகோ எழுதி வைத்திருக்கிறார். 1815 முதல் 1822 வரையில் முதுகெலும்பற்ற பிராணிகளைப்பற்றிய அவருடைய மாபெரும் நூல் ஏழு பாகங்களாக வெளிவந்தது. அது முடிவதற்குள்ளேயே, 1818-ம் வருஷ வாக்கில், அவருடைய கண்பார்வை முற்றும் அற்றுப்போயிற்று. புழுக்களையும் சிப்பிகளையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துப் பார்த்து உழைத்த கண்கள் இருண்டன. அவர் சொல்லச் சொல்ல, அவர் மகள் கொர்னேலி எழுதினாள், நூல் முற்றுப்பெற்றது.

1829-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி லாமார்க் உயிர் நீத்தார். சவ அடக்கச் செலவுக்கும் குடும்பத்தார் அகாடமியின் உதவியை நாட வேண்டியிருந்தது. மோன்பர்னாஸ் மயானத்தில் வாடகைக் குழியொன்றில் அடக்கம் செய்தனர். தவணை கழிந்ததும் எலும்புகள் தோண்டி அகற்றப்பட்டன; அவருக்குக் கல்லறை என்று காட்ட இன்று ஓரிடம் இல்லை. அகாடமிக்காக அஞ்சலியுரை எழுதியவர் கூவியே. 1832-ல், கூவியேயும் இறந்தபின், அது வாசிக்கப்பட்டது. வகைப்படுத்தும் பணியைப் பாராட்டிவிட்டு, கொள்கைகளை ஏளனம் செய்த அவ்வுரையே வெகுகாலம் லாமார்க்கைப்பற்றி உலகம் கொண்ட அபிப்பிராயமாக நிலவியது.

கூவியேயின் கருத்தே வகுப்பு விஷயத்திலும் கோலோச்சியது. மண்புழுவுக்கும் பூச்சிக்கும் உடல் கண்டம் கண்டமாக இருப்பதாலும், நரம்பு வடம் வயிற்றுப்புறம் செல்வதாலும், இரண்டையும் ஒரே பெரும்பிரிவின் கீழ் அவர் சேர்த்திருந்தார். 150 வருஷங்களுக்கு மேல் அந்த உறவைப் பண்டிதர்கள் பலர் நம்பி வந்தனர். உயிரணுக்களுக்குள்ளே பரம்பரையைத் தாங்கி நிற்கும் மூலப்பொருளின் எழுத்துகளைப் படிக்கும் வித்தை வந்த பிறகு நிலைமை மாறியது. 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பூச்சிகளுக்கு நெருங்கிய சுற்றம் சட்டை உரிக்கும் ஜந்துக்களே என்று காட்டியது. உருளைப்புழுக்களும் அந்தக் கூட்டத்தில் அடங்கும். மண்புழுவோ நத்தை, சிப்பி இனங்களின் பக்கம் நிற்கிறது. பின்வந்த ஆராய்ச்சிகளும் இதை உறுதி செய்தன. காரணங்கள் வேறாயினும், 1809-ல் லாமார்க் வரைந்த கிளைப்பிரிவு இந்த ஒரு விஷயத்தில் சரியென்று தெரியவந்தது.

மண்புழுவின் பெருமையும் காலத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு வருஷந்தோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடலுக்குள் புகுந்து வெளிவருகிறது என்று 1881-ல் சார்லஸ் டார்வின் கணக்கிட்டார். லாமார்க்குக்கோ, அவருடைய தத்துவ நூல் வெளிவந்த நூறாம் ஆண்டாகிய 1909-ல், அவர் உழைத்த அதே பாரிஸ் தோட்டத்தில் சிலை நாட்டப்பட்டது. அதன் பீடத்தில், குருடரான தந்தையின் அருகே மகள் நின்று தேறுதல் கூறும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

இச்சரிதத்திலிருந்து தேசத்தொண்டர்களாகிய நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. ஏணி கட்டி உயிர்களை மேல் கீழ் என்று நிறுத்தும் பழக்கம் பிராணி சாஸ்திரத்தோடு நிற்கவில்லை. நம்மை ஆண்ட அந்நியர் மனித சமூகங்களையும் ஏணியில் நிறுத்தி, தாங்கள் உச்சியில் நின்றுகொண்டு, ஆளும் உரிமை தங்களுக்கே உரியதென்று சாதித்தனர். நம்மவரும் தங்களுக்குள் அதே மாதிரி ஏணியொன்றைக் கட்டி, உடன்பிறந்தாரையே அடிப்படியில் நிறுத்தினார்கள். ஒரு கூட்டத்தை அதனிடம் இல்லாததைக் கொண்டு பெயரிட்டு, குப்பைக்கூடையில் தள்ளுவது எளிது. அருகில் சென்று, உள்ளே ஓடும் இரத்தத்தைப் பார்ப்பது கடினம். அந்தக் கடினமான காரியத்தைப் புழுக்களின் விஷயத்தில் செய்தார் லாமார்க். பார்த்த பின், தாம் நம்பியிருந்த ஏணியைக் கைவிடவும் துணிந்தார். மனிதர் விஷயத்தில் அதே காரியத்தைச் செய்யும் பொறுப்பு நம்முடையது. அடிப்படியில் நிறுத்தப்பட்டவர்களிடம் நேரில் சென்று, அவர்கள் வாழ்வை அறிந்து, நாம் கட்டிய ஏணியை நம் கையாலேயே கழற்றுவதுதான் ஜனநாயகத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மைத் தொண்டாகும்.